பழைய போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுகிறீர்களா? படத்தின் கீழே ஒரு பெயர் வேண்டும்

எங்கள் வீட்டு அல்பத்தில் தொலைக்காட்சித் திரையைப் பார்த்து எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. அதற்குப் பின்னால் நீள மேசை, ஒலிவாங்கி, மூன்று பாடசாலை மாணவர்கள். நடுவில் இருப்பவர் என் பெரியம்மாவின் மகன். அவர் வினாவிடைப் போட்டியில் தோன்றிய இரவில், பெரியப்பா கமராவை எடுத்து வந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு எடுத்த படம் அது. நிகழ்ச்சியைப் பதிந்து வைக்க எங்களிடம் வீடியோ இயந்திரம் இருக்கவில்லை. அந்த இரவுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்தப் படம்தான்.

பழைய போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி இணையத்தில் எழுத வருகிற இளையவர்கள் பலர் நினைவை நம்பித் தொடங்குகிறார்கள். பிறகு கூகுளில் தேடிக் கிடைத்த படத்தைச் சேர்த்து, "நன்றி: இணையம்" என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். இணையம் எந்தப் படத்தையும் எடுத்ததில்லை. ஒவ்வொரு படத்தையும் எடுக்க யாரோ ஒருவர் பெரியப்பாவைப் போல மண்டியிட்டிருக்கிறார். அவரைத் தேடிப் பிடிப்பது எப்படி, அவர் பெயரை எப்படி எழுதுவது, பெயர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பவற்றை இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படம் ஏன் இவ்வளவு பெறுமதியானது

தொலைக்காட்சி நிறுவனங்களிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் என்.பி.சி. 1964 மார்ச் 30 அன்று தொடங்கிய 'ஜெபர்டி'யில் விடை முதலில் வரும். அதற்குரிய கேள்வியைப் போட்டியாளர் சொல்ல வேண்டும். ஆர்ட் ஃபிளெமிங் 1975 வரை தொகுத்து வழங்கிய ஆயிரக்கணக்கான பகுதிகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அக்காலத்தில் வீடியோ நாடா விலை கூடிய பொருள். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தார்கள். பகல் நேரப் போட்டி நிகழ்ச்சியை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு யாராவது தேடி வருவார்கள் என்று எவரும் எண்ணவில்லை. அதனால் அந்த மேடையின் நிறத்தையும் கேள்விப் பலகையின் அமைப்பையும் அறிய நிலைப்படங்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

கொழும்புத் தமிழருக்கு இதற்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. 1983 ஜூலையில் இந்த நகரில் எரிந்த வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. வானொலி நிலையத்தில் பாடிய அக்காவின் படம், பரிசுக் கோப்பையோடு நின்ற தம்பியின் படம், எல்லாம் போயின. தப்பிய பிரதிகள் இன்று கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது எந்த வீட்டிலிருந்து, யார் வழியாக வந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்துத் தேடுகிறவர் அந்த வீட்டுக் கதவைத் தட்ட அதுதான் வழி. பெயர் போடுவதை நான் மரியாதைக்காக மாத்திரம் வற்புறுத்தவில்லை.

முதலில் ஆண்டைச் சரிபாருங்கள்

படத்தைத் தேடுவதற்கு முன்னரே இதைச் செய்துவிட வேண்டும். நினைவு ஆண்டுகளைக் கலந்துவிடும். நம்மில் பலருக்கு 'பாட்டுக்குப் பாட்டு' என்றவுடன் சன் தொலைக்காட்சி மேடைதான் கண்ணில் வரும். பி. எச். அப்துல் ஹமீத் அதை முதலில் நடத்தியது கொழும்பில், இலங்கை வானொலியில். ஓர் எழுத்தைக் கொடுத்து, அந்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடச் சொல்லும் அந்த எளிய விளையாட்டு இங்கிருந்து கடல் கடந்து போய்ப் பிறகு திரையில் நமக்குத் திரும்பி வந்தது. "சின்ன வயதில் பார்த்தேன்" என்று நீங்கள் எழுதுவது, வானொலியில் கேட்டு மனதுக்குள் பார்த்ததாகவும் இருக்கலாம். இரண்டும் இனிய நினைவுகளே. ஆனால் வானொலிக் காலத்தைப் பற்றிய பந்திக்குத் தொலைக்காட்சி மேடையின் படத்தைப் போட்டால் வரலாறு பிழையாகிவிடும்.

சில ஆண்டுகளை மனதில் முளையடித்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 அன்று ஐ.ரி.என். மூலம் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று வந்தது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14. சக்தி தொலைக்காட்சி 1998. வசந்தம் 2009. பிரிட்டனின் ஐ.ரி.வி. 'மில்லியனர்' போட்டியை 1998 செப்டெம்பர் 4 அன்று கிறிஸ் டாரன்டுடன் தொடங்கியது. 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சன் அதை இந்தியில் ஆரம்பித்தார். அதே ஆண்டில் சரத்குமார் தொகுத்த 'கோடீஸ்வரன்' சன் தொலைக்காட்சிக்கு வந்தது. சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' 2012இல், விஜய் தொலைக்காட்சியில். சூர்யா நிற்கும் மேடையைப் போட்டுவிட்டு "2000இல் குடும்பமாக அமர்ந்து பார்த்த கோடீஸ்வரன்" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதை நான் பட்டே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலைப்படத்தின் கீழ் "ரூபவாஹினி, 1981" என்று எழுதினேன். யாரோ சொன்னதை அப்படியே நம்பினேன். ரூபவாஹினி அப்போது தொடங்கவேயில்லை என்று ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் எனக்கு எழுதினார். அன்றே திருத்தினேன். ஆனால் அதற்குள் அந்தப் படம் பிழையான ஆண்டோடு வேறு இடங்களுக்குப் போய்விட்டது. இன்றும் அது என் கண்ணில் படுகிறது. படும் ஒவ்வொரு முறையும் எழுதித் திருத்தச் சொல்கிறேன். சிலர் திருத்துகிறார்கள்.

ஆண்டை உறுதி செய்யக் கொழும்பில் இடங்கள் உண்டு. பழைய தமிழ் நாளிதழ்களில் அன்றைய வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் வரும். தேசிய சுவடிக் காப்பகத்திலும் கொழும்பு பொது நூலகத்திலும் பழைய இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே தேடுவதென்றால், ஈழத்து இதழ்களையும் மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளத்திலிருந்து தொடங்குங்கள். பாடசாலை மலர்களைத் தவறவிடாதீர்கள். வினாவிடைப் போட்டியில் வென்ற அணியின் படம் செய்தித்தாளில் வராமல் பாடசாலை மலரில் வந்திருக்கும். அணியினரின் பெயர்கள் இடமிருந்து வலமாக அங்கே இருக்கும்.

படத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்

பி.பி.சி. 1972இல் தொடங்கிய 'மாஸ்டர்மைண்ட்' நிகழ்ச்சியை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் கைதியாகி விசாரணைக்கு உட்பட்டவர். பெயர், படைநிலை, இலக்கம் என்று தன்னிடம் கேட்கப்பட்ட மூன்றையும் அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். கறுப்பு நாற்காலியில் அமர்பவரிடம் பெயர், தொழில், தேர்ந்த பாடம் ஆகியவை கேட்கப்பட்டன. படம் கையில் வந்ததும் நானும் மூன்று கேட்கிறேன். எடுத்தவர் யார்? இப்போது அதன் உரிமை யாரிடம் இருக்கிறது? எனக்கு அது எந்த வழியாக வந்தது?

இந்த மூன்றுக்கும் ஒரே விடை வருவது அரிது. படம் எடுத்தவர் ஒரு ஸ்டூடியோக்காரர், உரிமை ஒரு நிறுவனத்திடம், உங்களுக்கு அனுப்பியவர் ஒரு நண்பர் என்று இருக்கலாம். அனுப்பிய நண்பருக்கு மட்டும் நன்றி சொல்லி முடித்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. உரிமை கைமாறிக்கொண்டும் இருக்கும். 'மில்லியனர்' போட்டியை உருவாக்கியது செலடோர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். பிறகு அது வேறொரு நிறுவனத்திடம் போய், 2008இல் சோனியின் கைக்கு வந்தது. பழைய கட்டுரையில் கண்ட உரிமையாளர் பெயரை அப்படியே பெயர்த்து எழுதினால் அது இன்று பிழையாக இருக்கக்கூடும்.

மூலத்தைத் தேடும் முறை

இணையத்தில் கிடைத்த படமென்றால் பெயரை வைத்துத் தேடாமல் படத்தை வைத்தே தேடுங்கள். கூகுள் லென்ஸ் இதைச் செய்யும். டின்ஐ என்ற தேடுபொறியும் செய்யும். கிடைத்தவற்றை மிகப் பழையது முதலாக வரிசைப்படுத்தும் வசதி அதில் உண்டு, அதை அழுத்துங்கள். பிறகு மிகப் பெரிய அளவில் இருக்கும் பிரதியைப் பாருங்கள். மூலத்துக்கு நெருங்க நெருங்கப் படம் பெரிதாகவும் முழுதாகவும் இருக்கும், ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்காது. மற்றப் பிரதிகளில் இல்லாத ஒரு கையோ கமராவோ ஓரத்தில் தெரிந்தால் நீங்கள் சரியான திசையில் போகிறீர்கள்.

தேடல் முடிவுப் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து கீழே உள்ள குறிப்பை வாசியுங்கள். கூகுளும் பின்டரஸ்டும் மூலம் ஆகா. அவை வழிகாட்டிப் பலகைகள். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போய் வந்த படத்துக்குள் இருந்த கமரா விவரங்கள் பெரும்பாலும் களையப்பட்டிருக்கும். ஆகவே ஒருவர் தம் பழைய படத்தை உங்களுக்கு அனுப்ப முன்வந்தால், வாட்ஸ்அப்பில் ஆவணமாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள்.

காகிதப் படம் கிடைத்தால் உங்களுக்கு யோகம். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, பென்சிலில் எழுதிய நெகடிவ் எண், "மாமாவுக்கு அன்புடன்" என்ற கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் பழைய அமெரிக்க நிகழ்ச்சிகளின் விளம்பரப் படங்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்கு முன்புறம், பின்புறம் இரண்டையும் பதிவேற்றியிருப்பார்கள். 1989 மார்ச்சுக்கு முன் அமெரிக்காவில் பதிப்புரிமைக் குறிப்பு அச்சிடாமல் வெளியான படங்கள் பல பொதுவுடைமையாகிவிட்டன. குறிப்பு எங்கும் இல்லை என்பதைக் காட்டப் பின்புறம் தேவைப்படுகிறது. அந்தச் சட்டம் அமெரிக்காவில் வெளியான படங்களுக்கு உரியது. கொழும்பு ஸ்டூடியோ ஒன்றின் படத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

திரையிலிருந்து எடுத்த படம்

இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். பழைய கண்ணாடித் திரையில் படம் கோடு கோடாக வரையப்பட்டது. நம் நாட்டு முறையில் ஒரு முழுச் சட்டகம் வரைந்து முடிய வினாடியில் 25இல் ஒரு பங்கு வேண்டும். கமரா அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் திரையின் ஒரு பகுதி கறுத்துவிடும். பெரியப்பாவின் படத்தில் உள்ள பட்டை அதுதான். அவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்த வேறு சிலர் வேகத்தைக் குறைத்து, அறை விளக்கை அணைத்து, கமராவைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து எடுத்தார்கள். அவர்கள் படங்களில் பட்டை இராது. பட்டை இருக்கும் படத்தைக் கணினியில் சுத்தம் செய்து வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வீட்டில், திரையைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பட்டை சாட்சி.

இப்படிப்பட்ட படத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர். திரையில் தெரியும் காட்சி நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களுடையது. அதைத் திரையிலிருந்து பிடித்தவர் வீட்டில் இருந்த ஒருவர். இருவரையும் எழுதுங்கள். யூடியூபில் யாரோ ஏற்றிய பழைய நாடாவிலிருந்து ஒரு காட்சியை எடுத்தாலும் இதே விதிதான். ஏற்றியவர் உரிமையாளர் அல்லர். ஆனால் பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைத்து, ஓடக்கூடிய இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, நமக்காகக் காப்பாற்றியவர் அவரே. அவருக்கும் ஒரு சொல் எழுதக் கை வலிக்காது.

பெயர் போட்டால் அனுமதி கிடைத்ததாகிவிடுமா?

ஆகாது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். பெயர் போடுவது ஒரு கடமை, அனுமதி பெறுவது வேறொரு கடமை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறது. ஆக்கியவர் தம் படைப்பை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும், படைப்பைத் தம் நற்பெயருக்குக் கேடாகச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பொருளாதார உரிமை பொதுவாக அவரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். எண்பதுகளில் எடுத்த படம் "பழையது" என்பதற்காக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடியதாகிவிடாது.

அதே சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற வாசலும் இருக்கிறது. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு ஆகிய நோக்கங்களுக்காக ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம். நோக்கம் வணிகமா, படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், உரிமையாளரின் சந்தைக்குப் பாதிப்பா என்ற நான்கையும் வைத்து அது எடைபோடப்படும். 'கோடீஸ்வரன்' மேடையில் விளக்குகள் மங்கும் விதம் பதற்றத்தை எப்படிக் கூட்டியது என்று ஒரு பந்தி எழுதி, அதற்கு ஒரு காட்சியைச் சிறிய அளவில் சேர்ப்பது இந்த வாசலுக்குள் வரக்கூடும். இருபது காட்சிகளை அடுக்கி நடுவே நான்கு வரி எழுதிவிட்டு அதே காரணத்தைச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பணம் சம்பந்தப்பட்ட பயன்பாடென்றால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இருக்கும் படம் கிடைத்தால் வேலை இலகு. அனுமதி முன்கூட்டியே தரப்பட்டிருக்கிறது, நிபந்தனையைப் பாருங்கள். சிசி பிஒய் என்றால் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொன்னால் போதும். அதோடு எஸ்ஏ சேர்ந்திருந்தால், அந்தப் படத்தை மாற்றி நீங்கள் உருவாக்குவதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. சிசி0 என்றால் ஆக்கியவர் எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். அப்போதும் நான் பெயரைப் போடுகிறேன். விக்கிமீடியா காமன்ஸில் ஆக்கியவரும் பதிவேற்றியவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். ஆக்கியவர் என்ற இடத்தில் இருப்பதையே எழுதுங்கள்.

கேட்பது எப்படி

உரிமம் இல்லாத படமென்றால் உரியவரிடம் கேளுங்கள். கேட்டால் தர மாட்டார்கள் என்ற பயம் தேவையில்லை. என் அனுபவத்தில், பழைய படம் வைத்திருக்கும் மூத்தவர்கள் பெரும்பாலும் யாராவது கேட்டு வர மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். நான் எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் கொழும்பில் வசிக்கிறேன். எண்பதுகளின் தமிழ் வினாவிடை நிகழ்ச்சிகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். தங்கள் தந்தையார் எடுத்ததாக அறிந்த மேடைப் படம் ஒன்றை அதில் சேர்க்கத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கட்டுரை இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கும். எனக்கு வருமானம் எதுவும் இல்லை. படத்தின் கீழே தந்தையாரின் பெயரை எழுத எண்ணியுள்ளேன். அதை எப்படி எழுத வேண்டும் என்று தாங்கள் அறியத்தந்தால் அப்படியே எழுதுவேன். விருப்பமில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்."

பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்கும் வரியை விட்டுவிடாதீர்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஊர்ப் பெயர், ஸ்டூடியோ பெயர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் உண்டு. கிடைக்கும் பதிலை அழிக்காமல் வையுங்கள். தொலைபேசியில் சம்மதம் சொன்னால் அன்றே நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நேரில் போனால், அவர்கள் தேநீர் போட உள்ளே போன நேரத்தில் அல்பத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கக் கூடாது. எந்தப் பக்கத்தை எடுக்கலாம் என்று கேட்டு, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவர்கள் சொல்லும் கதையை அப்போதே கேட்டு எழுத முடிவதும் அதனால்தான்.

வரியை எழுதுதல்

தலைப்பு, ஆக்கியவர், மூலம், உரிமம் என்ற நான்கும் இருக்க வேண்டும். இடம் படத்தின் நேர் கீழே. கட்டுரையின் அடியில் எல்லாப் படங்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி போட்டால் எது யாருடையது என்று வாசகருக்குத் தெரியாது. சில மாதிரிகள் தருகிறேன். இன்னார் என்ற இடத்தில் உண்மைப் பெயரை இடுங்கள்.

"வினாவிடை மேடை, கொழும்பு, 1986. படம்: இன்னார். குடும்பத்தினரின் அனுமதியுடன்."

"மாஸ்டர்மைண்ட் நாற்காலி. படம்: இன்னார், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. இடது ஓரம் வெட்டப்பட்டுள்ளது."

"கோடீஸ்வரன், சன் தொலைக்காட்சி, 2000. நிகழ்ச்சியின் ஒரு காட்சி, உரிமை தயாரிப்பாளருக்கு. நாடாவைப் பாதுகாத்தவர்: இன்னார்."

உரிமப் பெயரிலிருந்து உரிமப் பக்கத்துக்கும், மூலப் பெயரிலிருந்து படம் இருக்கும் பக்கத்துக்கும் இணைப்புக் கொடுங்கள். வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் சொல்லுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்கள் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுப் பழைய முகங்களைக் கூர்மையாக்குவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். மங்கலான முகத்துக்கு அந்தச் செயலி தானாக ஒரு கண்ணையும் பல்லையும் வரைந்து கொடுக்கிறது. அந்த மாணவரின் தாய்க்கு அது தன் பிள்ளையின் முகமாக இராது. இன்னொருவர் படத்தின் மீது உங்கள் பெயரை நீர்க்குறியாகப் பதிப்பதும் கூடாது. அது திருட்டு.

மேடையில் இருந்தவர்கள்

தொகுப்பாளர்கள் பொது வாழ்வில் உள்ளவர்கள். போட்டியாளர்கள் அப்படியல்லர். ஒரு மாலை மட்டும் திரையில் தோன்றிவிட்டு வீடு திரும்பியவர்கள். பாடசாலை மாணவராக அன்று இலகுவான கேள்விக்குத் தடுமாறியவருக்கு இன்று ஐம்பது வயது. அவர் முழுப் பெயரையும் பாடசாலையையும் போட்டு அந்தத் தடுமாற்றத்தை மீண்டும் அரங்கேற்ற நமக்கு என்ன உரிமை? வென்ற படத்தை வெளியிட்டாலும், ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால் கேட்டுவிடுங்கள். முடியாவிட்டால் பெயரை எழுதாமல் விடலாம். போருக்குப் பின் எங்கெங்கோ போய்ப் புது வாழ்வு தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். சிலர் தேடப்படுவதை விரும்புவதில்லை.

கணக்கு வைத்தல்

ஒரு கொப்பி போதும். கணினியில் அட்டவணையாக வைத்தால் தேடுவது சுலபம். படத்தின் கோப்புப் பெயர், எடுத்தவர், ஆண்டு, யாரிடமிருந்து எப்போது வந்தது, அனுமதி எப்போது எப்படிக் கிடைத்தது, நான் செய்த மாற்றம் என்ன என்பவற்றை எழுதுகிறேன். கோப்புக்குக் கமரா கொடுத்த எண்ணை அப்படியே விடாமல் ஆண்டையும் நிகழ்ச்சியையும் வைத்துப் பெயரிடுங்கள். மூலப் பக்கம் நாளை மறைந்துவிடலாம். ஆகவே இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதன் பிரதி ஒன்றைச் சேமித்து, அந்த முகவரியையும் குறியுங்கள்.

யாராவது "இது என் படம்" என்று எழுதினால் அன்றே பதில் போடுங்கள். முதலில் படத்தை மறைத்துவிட்டுப் பிறகு விசாரியுங்கள். வாதாட வேண்டாம். உரிம நிபந்தனையில் தவறியிருந்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்களில் தவறை அறிந்த 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமம் தானாக மீளும். அதற்காக முப்பதாவது நாள் வரை இருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு தேடியும் பெயர் கிடைக்காத படங்கள் இருக்கவே செய்யும். என்னிடம் ஒன்று உண்டு. மேடையில் இரண்டு அணிகள், நடுவே மணி, பின்னால் கையால் எழுதிய பதாகை. பின்புறத்தில் ஊதா மையில் ஒரு ஸ்டூடியோ முத்திரை. ஈரம் பட்டுப் பெயர் கரைந்துவிட்டது. படம் யாருடைய அலுமாரியில் இருந்ததோ அந்த அம்மா இன்று இல்லை. அவர் மகள் வெளியிடச் சம்மதித்தார். அதன் கீழே நான் எழுதியிருப்பது இது:

"வினாவிடைப் போட்டி, கொழும்பு, ஆண்டு உறுதியாகவில்லை. எடுத்தவர் பெயர் தேடப்படுகிறது. பின்புற முத்திரையில் 'கொட்டாஞ்சேனை' என்ற சொல்லும் பென்சிலில் 412 என்ற எண்ணும் உள்ளன. பின்புறப் படமும் கீழே தரப்பட்டுள்ளது. வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் அல்பத்திலிருந்து, அனுமதியுடன். தெரிந்தவர்கள் அறியத்தரவும்."

இதுவரை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பதாகையின் எழுத்தைப் பார்த்து மண்டபத்தை ஒருவர் அடையாளம் கண்டார். 412 என்பது நெகடிவ் எண்ணாக இருக்கும் என்று சொன்ன இன்னொருவர், அக்காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ நடத்திய இரண்டு குடும்பங்களின் உறவினர்களைத் தெரியும் என்றார். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். படத்தின் முன்புறம், பின்புறம் இரண்டையும் அச்சிட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.